ஓரிரவு இருக்கை: குறட்டையும் ரத்த அழுத்தமும்

ஓரிக்கைக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காஞ்சிபுரத்தில் ஒரு கதை சொல்வார்கள். பல்லவ அரசன் கோபத்தில் கணிகண்ணனை ஊரைவிட்டுப் போகச் சொன்னான். சீடன் கிளம்ப, குருவான திருமழிசையாழ்வாரும் கிளம்பினார். திருவெஃகாவில் படுத்திருந்த பெருமாள், ஆழ்வார் சொல்லைத் தட்டாமல் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். பாலாற்றங்கரையில் ஓர் இரவு தங்கினார்கள். அந்த ‘ஓர் இரவு இருக்கை’தான் ஓரிக்கை ஆயிற்றாம். அரசன் மன்னிப்புக் கேட்ட பிறகு பெருமாள் கோயிலுக்குத் திரும்பினார். போய் வந்ததற்கு அடையாளமாகத் தலைமாடு கால்மாடு மாறிப் படுத்திருக்கிறார் என்பார்கள்.

இந்த ஊரில்தான் என் பெரியப்பா நாற்பது வருடம் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தார். அவர் குறட்டை எதிர் வீட்டுத் திண்ணை வரை கேட்கும். “அவருக்கென்ன, தலை சாய்ச்சா அடுத்த நிமிஷம் தூங்கிடுவாரு” என்று பெரியம்மா சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருக்கும். ஐம்பது வயதில் பி.பி. என்றார்கள். ஒரு மாத்திரை இரண்டாயிற்று, பிறகு மூன்றாயிற்று. அளவு இறங்கவில்லை. போகிற இடமெல்லாம் ஒரே புத்திமதி: “டென்ஷன் ஆகாதீங்க.” பெரியப்பா டென்ஷன் ஆகிற ஆளே இல்லை. பாவில் நாலு இழை சேர்ந்து அறுந்தாலும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே முடிச்சுப் போடுவார். அப்படிப்பட்டவருக்கு டென்ஷன் எங்கிருந்து வந்தது?

தூக்கத்திலிருந்து வந்திருக்கலாம். ரத்த அழுத்தம் என்றாலே கடன், கல்யாணச் செலவு, கூலி பாக்கி என்று பகல் கவலைகளையே நாம் காரணமாகத் தேடுகிறோம். கவலையே இல்லாத மனிதருக்கும் இரவு முழுக்க உடம்புக்குள் ஒரு கலவரம் நடக்கலாம். காலையில் அவருக்கே அது நினைவிருக்காது. இதைப் பற்றி மருத்துவ உலகம் ஐம்பது வருடமாகச் சேர்த்துவைத்திருக்கும் சான்றுகளில் எது உறுதி, எது இழுபறி என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் தொண்டை. விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் மூச்சுக்குழலின் மேல்பகுதியைத் திறந்து பிடித்திருக்கின்றன. தூக்கத்தில் அவை தளர்ந்துவிடும். கழுத்தில் சதை அதிகமாக இருந்தாலோ, தாடை சிறுத்துப் பின்னால் தள்ளியிருந்தாலோ, டான்சில் பெருத்திருந்தாலோ வழி இன்னும் குறுகும். அந்தச் சந்தில் காற்று உரசிப் போகிற சத்தம்தான் குறட்டை. வழி முழுதாக அடைத்துக்கொண்டால் சத்தம் நின்றுவிடும். ‘அப்பாடா, நிறுத்திட்டாரு’ என்று பக்கத்தில் படுத்திருப்பவர் நிம்மதி அடையும் அந்த நேரத்தில்தான் நெஞ்சும் வயிறும் காற்றுக்காக இழுத்துக்கொண்டிருக்கும். பிறகு ஒரு பெரிய உறுமல், ஒரு புரளல், மறுபடி குறட்டை. டாக்டர்கள் இதை ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். தமிழில் தூக்க மூச்சுத்தடை என்று சொல்லலாம். மூச்சு பத்து விநாடியாவது நின்றாலோ மிகவும் குறைந்தாலோ ஒரு தடை என்று கணக்கு. மணிக்கு 5 தடவைக்குக் கீழே என்றால் பரவாயில்லை. 15க்கு மேல் நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. மணிக்கு 30 என்றால் ஏழு மணி நேரத் தூக்கத்தில் 210 தடவை ஒரு மனிதரின் கழுத்தை யாரோ பிடித்துப் பிடித்து விடுவதற்குச் சமம்.

கழுத்தின் இரண்டு பக்கமும், தலைக்குப் போகிற பெரிய தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசி மணி அளவில் ஓர் உறுப்பு இருக்கிறது. பெயர் கெரோடிட் பாடி. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவதை முதலில் மோப்பம் பிடிப்பது அதுதான். இதைக் கண்டு சொன்னதற்காகத்தான் பெல்ஜியத்தின் கொர்னேய் ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு. மூச்சு அடைத்ததும் இந்த அரிசி மணி மூளைக்கு அபாயச் செய்தி அனுப்பும். மூளை பரிவு நரம்புகளை முடுக்கும். நரம்பு முனைகளில் நார்அட்ரினலின் கொட்டும். சிறுநீரகத்தின் மேல் குல்லாய் போல் இருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் வரும். பாம்பைக் கண்டு துள்ளும்போது ஓடுகிற அதே ரசாயனங்கள். ரத்தக்குழாய்கள் இறுகும். பிறகு உறுமலோடு மூச்சு திரும்பும்போது இதயம் வேகமெடுத்து, இறுகிக் கிடக்கும் குழாய்களுக்குள் ரத்தத்தைத் தள்ளும். அழுத்தம் எகிறுவது அந்த நொடியில்தான். ஆரோக்கியமான உடம்பில் இரவு ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். இவர்களுக்கு இறங்குவதில்லை. இதயத்துக்கு இருக்கும் ஒரே ஓய்வு நேரமும் பறிபோகிறது.

இத்தாலியின் பொலோனியாவில் லுகரேசியும் கொக்காஞ்ஞாவும் 1970களின் தொடக்கத்திலேயே, தூங்குகிறவர்களின் தமனி அழுத்தத்தை இரவு முழுக்கப் பதிவு செய்து, ஒவ்வொரு தடைக்கும் அது ஏறுவதைக் காட்டினார்கள். ஆனால் இரவில் ஏறுகிற அழுத்தம் காலையில் இறங்கிவிட்டால் நமக்கென்ன கவலை? டாக்டர் அறையில் பகல் பதினொரு மணிக்கு எடுக்கிற அளவு ஏன் ஏறியிருக்கிறது? ஆய்வாளர்களை அதிகம் அலைக்கழித்த கேள்வி இதுதான்.

பதில் துண்டு துண்டாக வந்தது. 1992இல் அமெரிக்காவில் யூஜின் பிளெட்சரின் குழு எலிகளுக்கு 35 நாள், தினமும் சில மணி நேரம், விட்டுவிட்டு ஆக்ஸிஜனைக் குறைத்தது. எலிகளின் பகல்நேர ரத்த அழுத்தமும் ஏறியது. பரிவு நரம்புகளை முன்கூட்டியே செயலிழக்கச் செய்த எலிகளுக்கு ஏறவில்லை. கெரோடிட் பாடியின் நரம்பை வெட்டிய எலிகளுக்கும் ஏறவில்லை. அரிசி மணியிலிருந்து நரம்பு, நரம்பிலிருந்து ரத்தக்குழாய் என்ற சங்கிலி அங்கே வெளிச்சத்துக்கு வந்தது. 1997இல் டொரொண்டோவில் நாய்களை வைத்து நடத்திய சோதனை இன்னும் நறுக்கானது. தூங்கும்போது மூச்சுவழியை அடைத்து அடைத்துத் திறந்தபோது, சில வாரங்களில் அந்த நாய்களுக்குப் பகலிலும் ரத்த அழுத்தம் நிலைத்துவிட்டது. மூச்சைத் தொடாமல் சத்தம் எழுப்பி மட்டும் தூக்கத்தைக் கெடுத்தபோது இரவில் ஏறியது, பகலில் நிலைக்கவில்லை. தூக்கம் கெடுவது ஒன்று, மூச்சு அடைப்பது வேறு என்பதை இதற்குமேல் தெளிவாகக் காட்ட முடியாது.

மனிதர்களில்? விரெண்ட் சோமர்ஸும் சகாக்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், மெல்லிய ஊசியைக் கால் நரம்புக்குள் செருகி, பரிவு நரம்பின் துடிப்பையே நேராகப் பதிவு செய்தார்கள். மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு, விழித்து அமைதியாகப் படுத்திருக்கும்போதும் அந்தத் துடிப்பு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. மணியை அடித்தவன் போன பிறகும் மணி ஒலித்துக்கொண்டேயிருக்கிறது. ஏன் ஓயவில்லை என்பதற்கான விளக்கத்தில் ஓர் இந்தியப் பெயர் முக்கியமானது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் நந்தூரி பிரபாகரின் குழு, விட்டுவிட்டு வரும் ஆக்ஸிஜன் பஞ்சம் கெரோடிட் பாடியையே மாற்றிவிடுகிறது என்று விலங்குச் சோதனைகளில் காட்டியது. அது பழைய அதிர்ச்சிகளை ‘நினைவில்’ வைத்துக்கொண்டு, சாதாரண நேரத்திலும் கூச்சல் போடப் பழகிவிடுகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, “சரி, குண்டானவர்களுக்குக் குறட்டையும் வரும், பி.பி.யும் வரும், ஒன்றுக்கு மற்றது காரணம் என்று எப்படிச் சொல்வது?” என்று கேட்பவர் நியாயமாகத்தான் கேட்கிறார். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில அரசு ஊழியர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு அதற்குப் பதில் தேடியது. 2000ஆம் ஆண்டு வெளியான முடிவு: 709 பேரில், மணிக்கு 15 அல்லது அதற்கு மேல் தடை இருந்தவர்களுக்கு, தடையே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், நான்கு வருடம் கழித்து ரத்த அழுத்தம் இருப்பதற்கான வாய்ப்பு 2.89 மடங்கு. வயது, எடை, கழுத்தளவு, புகை, மது எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகு வந்த எண் இது. 2003இல் அமெரிக்காவின் தேசிய ரத்த அழுத்த வழிகாட்டுக் குழு, கண்டறியக்கூடிய காரணங்களின் பட்டியலில் தூக்க மூச்சுத்தடையைச் சேர்த்தது. டொரொண்டோவில் 2001இல், பெரியப்பாவைப் போல மூன்று மாத்திரைக்கும் மசியாத 41 பேரைச் சோதித்ததில், 83 சதவீதம் பேருக்கு மூச்சுத்தடை இருந்தது.

ஹார்மோன் விஷயத்தில் ஒரு திருத்தம் தேவை. நம் பத்திரிகைகளில் மன அழுத்தம் என்றாலே கார்ட்டிசால் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. மூச்சுத்தடையைப் பொறுத்தவரை கார்ட்டிசால் மீதான வழக்கு வலுவில்லை. சில ஆய்வுகளில் கூடியிருக்கிறது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. அந்த ஹார்மோனே கடிகாரம் பார்த்து ஏறி இறங்குவது. அதிகாலையில் உச்சம், நள்ளிரவை ஒட்டி அடிமட்டம். எந்த மணிக்கு ரத்தம் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். முதல் குற்றவாளி நார்அட்ரினலின்தான் என்பது என் முடிவு. மூச்சுத்தடை உள்ளவர்களின் ரத்தத்திலும் சிறுநீரிலும் அது கூடுதலாக இருப்பதும், சிகிச்சை கொடுத்தால் குறைவதும் திரும்பத் திரும்பக் காணப்பட்ட விஷயம்.

நார்அட்ரினலினுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உள்ள உறவு நம் மண்ணுக்குப் பழைய அறிமுகம் என்பது இன்னொரு சுவாரஸ்யம். மும்பையின் ருஸ்தம் ஜால் வகீல், 1949இல் சர்ப்பகந்தா வேரால் ரத்த அழுத்தம் இறங்குவதை ஆங்கிலேய மருத்துவ இதழ் ஒன்றில் எழுதி உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தார். அதிலிருந்து பிரித்தெடுத்த ரிசர்பின், நரம்பு முனைகளில் சேமித்திருக்கும் நார்அட்ரினலினைக் காலி செய்கிறது என்பது பிறகு தெரிந்தது.

அடுத்த சந்தேக நபர் ஆல்டோஸ்டிரோன். உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கிவைக்கும் ஹார்மோன் இது. அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் டேவிட் கால்ஹூனின் குழு, மாத்திரைக்கு மசியாத ரத்த அழுத்தக்காரர்களுக்கு இதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது மூச்சுத்தடையும் குறைவதைக் கண்டது. தேங்கிய நீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு, டொரொண்டோவின் டக்ளஸ் பிராட்லியின் குழுவிடம் விடை இருக்கிறது. பகலில் கால்களில் இறங்கும் நீர், படுத்ததும் மேலேறிக் கழுத்துக்கு வந்து தொண்டையை நெருக்குகிறது. பருமனில்லாத ஆண்களிடம் 2009இல் நடத்திய ஆய்வில், பகலில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்களோ அதற்கேற்ப இரவில் காலிலிருந்து நகரும் நீர் கூடியது. நீர் நகர்வு கூடக்கூட மூச்சுத்தடையும் கூடியது. இதைப் படித்தபோது எனக்குத் தறிக்குழிதான் நினைவுக்கு வந்தது. பிறகு, தறிக்காரர் உட்கார்ந்தாலும் மிதிகளை மிதித்துக்கொண்டே இருக்கிறாரே, கெண்டைக்கால் தசை நீரை மேலே தள்ளிவிடுமே என்றும் தோன்றியது. ஜவுளிக்கடைக் கல்லாவில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்து இரவு ஒன்பதுக்கு எழுந்திருப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்பேன். மணிக்கு ஒரு தரம் எழுந்து கடைவாசல் வரை நடந்துவிட்டு வரலாம், காசா பணமா?

மூச்சுத்தடையின் அடையாளங்களில் நாம் பெரும்பாலும் வேறு கணக்கில் எழுதிவிடுவது ராத்திரிச் சிறுநீர். அடைத்த தொண்டைக்கு எதிராக நெஞ்சு இழுக்கும்போது இதயத்தின் மேலறை விரிகிறது. ரத்தம் அதிகமாகிவிட்டதாக இதயம் தப்புக்கணக்குப் போட்டு, நீரை வெளியேற்றும் ஹார்மோன் ஒன்றைச் சுரக்கிறது. இரண்டு மூன்று தரம் எழுந்து போகிறவரை ‘சுகர்’ என்றோ ‘வயசாச்சு’ என்றோ சொல்லி முடித்துவிடுகிறோம். காலையில் தலை கனம், வாய் வறட்சி, பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூக்கம் இவையும் அப்படியே. பெண்களின் நிலை இன்னும் மோசம். மாதவிலக்கு நின்ற பிறகு அவர்களுக்கும் மூச்சுத்தடை கூடுகிறது. ஆனால் பொம்பளை குறட்டை விடுகிறாள் என்று டாக்டரிடம் சொல்ல வீட்டில் எல்லோருக்கும் கூச்சம்.

ஓரிக்கையில் அரசு பஸ் பணிமனை இருக்கிறது. மூச்சுத்தடை உள்ள ஓட்டுநர்களுக்கு விபத்து வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தப் பத்தியை நீட்ட வேண்டியதில்லை.

சிகிச்சைக்கு வருவோம். 1981இல் சிட்னியின் காலின் சல்லிவன், மூக்குக்கு ஒரு முகமூடி வைத்து, தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரால் காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தி, ஐந்து நோயாளிகளின் தொண்டையைத் திறந்து வைத்தார். அதன் வாரிசுதான் இன்றைய சிபாப் கருவி. மூச்சுத்தடைக்கு இதைவிட நேரடியான வைத்தியம் இல்லை. ஆனால் ரத்த அழுத்தத்தை இது எவ்வளவு இறக்குகிறது? சராசரியாக இரண்டு மூன்று புள்ளிதான். ஸ்பெயினில் மாத்திரைக்கு மசியாத 194 பேரிடம் 2013இல் வெளியான சோதனையில் 12 வாரத்தில் 24 மணி நேரச் சராசரி 3.1 புள்ளி இறங்கியது. இந்தியா உட்பட ஏழு நாடுகளில், இதய நோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ ஏற்கெனவே உள்ள 2717 பேரை வைத்து நடந்த பெரிய சோதனையின் முடிவு 2016இல் வந்தது: சிபாப் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கவில்லை. பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை மேம்பட்டது.

இதை வைத்துக்கொண்டு இந்தக் கதையே பொய் என்று சொல்லிவிடலாமா? நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தச் சோதனையில் கருவியை மாட்டியிருந்தது இரவுக்குச் சராசரி 3.3 மணி நேரம். பாதி மாத்திரையை விழுங்கிவிட்டு மருந்து கேட்கவில்லை என்பது போல. இரண்டாவது, இருபது வருடமாக இறுகிப்போன ரத்தக்குழாய் ஒரு முகமூடியால் பழைய நிலைக்கு வந்துவிடாது. எடை குறைப்பும் சேர வேண்டும். விஸ்கான்சின் கணக்குப்படி 10 சதவீதம் எடை குறைந்தால் மூச்சுத்தடை சுமார் 26 சதவீதம் குறைகிறது. அமெரிக்க ஜனாதிபதி டாஃப்ட் கூட்டங்களில் குறட்டைவிட்டுத் தூங்கியவர்; 1913இல் பதவி முடிந்து ஒரு வருடத்துக்குள் 27 கிலோவுக்கு மேல் இளைத்தார், பகல் தூக்கம் போய்விட்டது. ஆனால் பி.பி. மாத்திரையை நிறுத்திவிட்டு முகமூடியை மட்டும் நம்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

எளிய வழிகளும் உண்டு. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் விழும். ஒருக்களித்துப் படுத்தால் பலருக்குத் தடை பாதியாகக் குறைகிறது. திருவெஃகாப் பெருமாள் மாறிப் படுத்ததற்குக் காரணம் வேறு, ஆனாலும் மாறிப் படுப்பது நல்லதுதான். ராத்திரிக் குடியும் தூக்க மாத்திரையும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். சுவிட்சர்லாந்தில் 2006இல், டிட்ஜெரிடூ என்ற ஆஸ்திரேலியப் பழங்குடிக் குழலை நான்கு மாதம் ஊதப் பழகியவர்களுக்கு மூச்சுத்தடை குறைந்தது. இரட்டை நாக்குக் கருவி வாசிப்பவர்களுக்கு இந்த நோய்க்கான அபாயம் குறைவு என்று 2012இல் ஓர் ஆய்வு வந்தது. நம் நாதஸ்வரத்தின் சீவாளியும் இரட்டை நாக்குதான். கோயில் வாசலில் தினமும் ஊதுகிறவர்களை யாராவது ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தால் நன்றாக இருக்கும்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி இந்தியப் பெரியவர்களில் 11 சதவீதம் பேருக்கு மூச்சுத்தடை. உழைக்கும் வயதில் சுமார் 10 கோடியே 40 லட்சம் பேர். தமிழ்நாட்டில் 2020இல் நடந்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அது கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம். இந்த எண்களுக்குப் பிறகுதான் 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பி.பி. பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். மருந்து எடுத்தும் இறங்காதவர்களில் ஒரு பகுதியினருக்குக் காரணம் தொண்டையில் இருக்கிறது என்றால், அதைக் கண்டுபிடிக்க இந்த வீட்டு வாசலைவிட நல்ல இடம் கிடையாது. சிபாப் கருவி இன்னும் பல பத்தாயிரம் ரூபாய். காப்பீட்டிலோ இரவல் முறையிலோ அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். மின்சாரம் பிரச்சினை இல்லை: இரவுக்கு அரை யூனிட்டுக்குள் அடங்கும், கைத்தறிக்காரர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம் 2023 முதல் இருக்கிறது.

ஆனால் கருவிக்கு முன்னால் வரவேண்டியது ஒரு கேள்வி. பி.பி. எழுதும் நோட்டில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: குறட்டை உண்டா? நடுவில் மூச்சு நிற்கிறதா? இதை நோயாளியிடம் கேட்டுப் பயனில்லை, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். என் பெரியப்பாவிடம் பதினைந்து வருடம் எத்தனையோ கேட்டார்கள். பெரியம்மாவிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை பி.பி. பார்க்கப் போகும்போது, உங்கள் பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வர முடியாவிட்டால், இன்று ராத்திரி உங்கள் குறட்டையை ஐந்து நிமிடம் போனில் பதிந்து தரச் சொல்லுங்கள்.